பின்சீட்டுக்கடியில் மழை

மூன்றாவது பிஸ்டன் உருகிவிட்டது. நடந்தது அவ்வளவுதான். போன ஞாயிறு, டிராக்கில் நேர்ச்சாலை முடிகிற இடத்தில், நாலாம் கியரில், தமயந்தி ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்திருந்தபோது என்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. காற்று நிறையப் போய்ப் பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு ஏறும், அலுமினியம் எத்தனை நேரம் தாங்கும், கழற்றிப் பார்த்தபோது பிஸ்டன் தலையில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. தமயந்தி கிளட்ச்சை மிதித்துவிட்டாள். என்ஜின் இறுகினால் முன்சக்கரம் ரெண்டும் இறுகும், வண்டி நேரே டிராக் ஓரத்து டயர்ச் சுவருக்குப் போகும். மிதித்ததால் போகவில்லை. சும்மா உருண்டு புல்லில் போய் நின்றது. மிதிக்காமல் இருந்திருந்தால். இல்லை, மிதித்தாள். அதோடு நிறுத்த வேண்டும். நான் நிறுத்துவதில்லை, அதுதான் ஒரு வாரமாகப் பிடித்த சனியன். நான் பல் விளக்கும்போதும் கண் முன்னால் அவள் கால் கிளட்ச்சைத் தேடுகிறது. புது பிஸ்டன் போட்டு என்ஜினைக் கோத்தாகிவிட்டது, நேற்றே. இனி வாங்க வேண்டியது டேங்க்குக்குள் இருந்து பெட்ரோலைத் தள்ளுகிற பம்பு. இந்த ஞாயிறு மறுபடி ஓட்டப் போகிறாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க என்ஜினச் சரி பண்ணுங்க, நான் ஓட்டறதப் பாத்துக்கறேன்" என்றாள். நாற்பத்தியொரு வயசு மகளிடம் அதற்கு மேல் என்ன பேசுவது. பம்பைத் தப்பாக எடுத்தால் மறுபடி அதே நேர்ச்சாலை, அதே இடம், கால் இந்தத் தடவை ஒரு நொடி பிந்தினால் தீர்ந்தது. ராஜாமணி, என் வீட்டுக்காரி, இந்த ஒரு வாரத்தில் இதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியாவது இருக்கலாம்.

உக்கடத்தில் ஜக்கரியா பாயின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடி மேசை மேல் மூன்று பம்பு படுத்திருக்கிறது. டார்ச் லைட்டில் போடுகிற பெரிய பாட்டரி அளவுதான் ஒவ்வொன்றும். சின்னது மணிக்கு நூற்றுத்தொண்ணூறு லிட்டர் தள்ளும், இப்போது டேங்க்குக்குள் இருப்பதும் அதே அளவுதான். நடுவில் இருப்பது இருநூற்று ஐம்பத்தைந்து. பெரியது முந்நூற்று நாற்பது. பாய் மூன்றையும் எடுத்து வைத்த நேரம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். "அண்ணா, தொழுதுட்டு வந்தர்றனுங்க, கடையப் பாத்துக்குங்க. அதுக்குள்ள மூணுல ஒண்ணப் புடிச்சு வைங்க. போன தடவ பிளக்கு வாங்க வந்து பொழுது எறங்கற வரைக்கும் கையில வெச்சு உருட்டிட்டிருந்தீங்க." போ என்றேன். "யாராச்சும் வந்தா உக்காரச் சொல்லுங்க. தொரத்தி உட்றாதீங்க." தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு போய்விட்டார். கல்லாவைக்கூடப் பூட்டவில்லை. இந்தக் கடையில் பில் போடும்போது வாங்கியவன் பேரோடு மெக்கானிக் பேரையும் எழுதுவார். சாமான் திரும்பி வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமாம். இருபது வருசமாக மெக்கானிக் இடத்தில் என் பேரைத்தான் கு.வேலு என்று எழுதுகிறார். குழந்தைவேலு என்று முழுசாக எழுத இடமில்லையாம். திரும்பி வந்த சாமான் ஒன்றும் கிடையாது. அதைச் சொல்லிக்கொள்வதில்லை, அவருக்குத் தெரியும். மூன்று பம்பில் பெரியதைக் கையில் எடுத்தேன். கனம். கனம் இருந்தால் நம்பத் தோன்றுகிறது, அது புத்தியில்லாத கை. பெரியதைப் போட்டால் பெட்ரோல் போதாமல் போகாது, அது நிச்சயம். ஆனால் பெரியது கரண்ட் அதிகம் குடிக்கும், டேங்க்குக்குப் போகிற வயர் பழசு, நூல் மாதிரி, பாதி வோல்ட் வழியிலேயே செத்துவிடும். வயரை மாற்றலாம். மாற்றினால் பெட்ரோல் நிறைய வரும், என்ஜின் குடித்தது போக மிச்சம் டேங்க்குக்குத் திரும்பிப் போக வேண்டும், திரும்புகிற குழாய் ஒல்லி, அது நெரிந்துகொண்டு பிரஷர் ஏறும், சும்மா நிற்கும்போது வண்டி கறுப்பாகப் புகைவிடும். அந்தக் குழாயை மாற்றலாம். மாற்றினால் சுற்றிச் சுற்றி வருகிற பெட்ரோல் சூடாகும். அப்புறம் அதற்கொன்று. ஒரு பம்பை மாற்றப் போய் வண்டியையே மாற்றுகிற கதை. பெரியதைக் கீழே வைத்தேன்.

நடுவில் இருப்பதைப் போடலாம். எவன் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான். எவனும் சொல்லுவதால்தான் எனக்குப் பிடிக்கவில்லை. என்ஜின் என்ன, ஆயிரத்து முந்நூறு சிசி, கம்பெனியில் இருந்து வந்தபோது சாது. தமயந்தி டர்போ வேண்டும் என்றாள், போட்டேன். காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போ போட்ட என்ஜின் பெட்ரோலை அந்த அழுத்தத்துக்கு எதிராகக் குடிக்கும், அழுத்தம் ஏற ஏறப் பம்பு தள்ளுவது குறையும். இது எனக்குத் தெரியாத கணக்கா. சப்மெர்சிபிள் பம்பு டெஸ்ட் பெஞ்சில்தானே என் சர்வீஸ் பூராவும் போனது, பீளமேட்டுப் பக்கம் அந்தக் கம்பெனியில். அதுவும் இதுவும் ஒரே ஜாதி. போர்வெல்லுக்குள் தண்ணியில் முழுகி நிற்கிற மோட்டாரை அந்தத் தண்ணிதான் குளிர வைக்கும், இதைப் பெட்ரோல் குளிர வைக்கும், தண்ணி வற்றினால் அது கருகும், பெட்ரோல் வற்றினால் இது கருகும். ஆழம் கூடினால் தண்ணி குறையும், பிரஷர் கூடினால் பெட்ரோல் குறையும். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் போன வருசம் நூற்றுத்தொண்ணூறு போதும் என்று முடிவு பண்ணினேன். கணக்கு இன்றைக்கும் போதும் என்றுதான் சொல்கிறது. சட்டைப்பையில் இருந்த சிகரெட் அட்டையில் திரும்பப் போட்டுப் பார்த்தேன், போதும். மிச்சமே நிற்கிறது. ஆனால் பிஸ்டன் உருகியது. கணக்கும் பிஸ்டனும் ஒன்றையொன்று பொய் என்கிறது, பிஸ்டனைக் கையில் பிடித்துப் பார்த்தவன் கணக்கை நம்ப முடியாது. கேஜ் வைத்துப் பார்த்தேன், டிராக்குக்குப் போவதற்கு முந்தின நாள்கூட. சும்மா ஓடும்போது பிரஷர் சரியாகத்தான் காட்டியது. அப்படியானால் முழுசாக மிதித்து லோடு ஏறும்போது பம்பு கைவிடுகிறது. பம்பு சோப்ளாங்கி. பெரிசு போடு. பெரியதை மறுபடி கையில் எடுத்தேன். அப்போதுதான் அவள் சொன்னது வந்து குறுக்கே நின்றது. மழை பெய்த மாதிரி. புல்லில் வண்டி நின்ற இடத்துக்கு நான் மூச்சு வாங்க ஓடினேன், அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்ன முதல் பேச்சு அது. "அப்பா, என்ஜின் நின்னு வண்டி சும்மா உருண்டுட்டு வந்துச்சில்ல, அப்ப பின்னால மழை பேஞ்ச மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு." கை கால் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிற நேரத்தில் மழையாவது வெயிலாவது. "ஹெல்மெட்டுக்குள்ள ஆயிரம் கேக்கும், எறங்கு" என்றேன். அவள் இறங்கினாள். அவ்வளவுதான் பேச்சு.

"வைப்பர் பிளேடு இருக்குதுங்களா?" ஒருத்தன் வாசலில் நிற்கிறான். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, மஞ்சள் சட்டை. கடைக்காரர் வரட்டும் என்றேன். "எப்ப வருவாருங்க?" வரும்போது. "நீங்க கடைக்காரரில்லீங்களா?" கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கடைக்காரனா. உட்கார் என்று இன்னொரு ஸ்டூலைக் காட்டினேன், பாய் சொல்லிவிட்டுப் போனதற்காக. அவன் உட்காரவில்லை. என் முகத்தைப் பார்த்தான், பம்பைப் பார்த்தான், "அப்பறம் வர்றனுங்க" என்று போய்விட்டான். நான் துரத்தவில்லை. மழைக்காலத்தில் ஞாபகம் வருகிற சாமான், வைப்பர். இப்போது மழையும் இல்லை. மழை. பின்னால் என்றாள். முன்னால் என்று சொல்லியிருந்தால் ரேடியேட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், சூடான பைப்பு மேல் தண்ணி விழுந்தால் உஸ் என்று கேட்கும். பின்னால் என்ன இருக்கிறது. பின்சீட்டைக் கழற்றிப் போட்டாயிற்று, வெறும் தகடு. தகட்டுக்குக் கீழே டேங்க்கு. டேங்க்குக்குள் பெட்ரோல், பெட்ரோலுக்குள் பம்பு. பம்புக்குத் தனி சுவிட்சு வைத்திருக்கிறேன், என்ஜின் நின்றாலும் பம்பு ஓடும். அவள் உருண்டு வந்தபோது பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது, சுவிட்சை நான் வந்துதான் அணைத்தேன். பம்பு ஓடினால் ஙொய் என்று கேட்கும், மழை மாதிரி கேட்காது. அவள் காது எப்படியோ. இல்லை, அவள் காதைக் குறை சொல்ல முடியாது. மாட்டு டாக்டர். எருமை வயிற்றில் காதை வைத்துக் கன்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லுகிறவள் இல்லை, அது கதை, ஆனால் ஸ்டெத்தஸ்கோப் வைத்து வயிற்றில் காற்றா தீனியா என்று சொல்லிவிடுவாள். கேட்டே சம்பாதிக்கிறவள். எனக்குத்தான் இடது காது டெஸ்ட் பெஞ்சோடு போயிற்று, வலது காதில் கனத்த சத்தம் மட்டும் ஏறும். குக்கர் விசில் கேட்பதில்லை. ராஜாமணி கூப்பிட்டால் கேட்பதில்லை என்று அவள் நினைக்கிறாள், அது கேட்கும். மழை கேட்பதில்லை. ஜன்னலைப் பார்த்தால்தான் மழை. அந்தப் பம்பு சுவிட்சை அணைத்தபோது வண்டிக்குள் தலையை விட்டேனே. மழை பெய்துகொண்டிருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காது.

தமயந்திக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. இன்றைக்கு லீவு போட்டிருக்கிறாள், வீட்டில்தான் இருக்கிறாள். வண்டிச் சாவி ஆணியில் தொங்குகிறது. ஸ்டார்ட் பண்ணாதே என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சொன்னதைக் கேட்கிறவள் என்றால் டாக்டருக்குப் படித்துவிட்டு டிராக்கில் ஏன் ஓட்டுகிறாள். பைபாஸில் ஒரு ரவுண்டு பார்த்துவிட்டு வரலாம் என்று எடுத்திருந்தால். லாரி போகிற ரோடு. மறுபடி போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மணி அடிக்கிறது என்றால் போன் நன்றாக இருக்கிறது, போன் நன்றாக இருந்தால் ஆள் நன்றாக இருக்கிறாள், இது என்ன கணக்கு, கிழவன் கணக்கு. பம்பைப் பார். சின்னது, நடு, பெரிசு. நான் சர்வீஸில் இருந்தபோது அன்னூர்ப் பக்கம் ஒருத்தர் இருந்தார், தென்னந்தோப்பு. தண்ணி வரவில்லை என்று அஞ்சு எச்பி மோட்டாரைத் தூக்கிவிட்டு ஏழரை இறக்கினார். ஒரு வாரம் வந்தது. அப்புறம் பத்து இறக்கினார். இந்த ஊர்ப்பக்கம் எல்லோரும் அப்படித்தான், தண்ணி குறைந்தால் மோட்டாரைப் பெரிசு பண்ணுவது, மோட்டார் செய்கிற ஊரில் வேறு என்ன தோன்றும். பத்தும் வரவில்லை என்று கம்பெனிக்கு வந்து சண்டை போட்டார், என்னை அனுப்பினார்கள். நான் மோட்டாரைத் தொடவில்லை. போர்வெல் கேசிங் பைப்பு வாயில் காதை வைத்தேன், அப்போது காது இருந்தது. ஓடச் சொன்னேன். உள்ளே சலசல என்று தண்ணி விழுகிற சத்தம். முப்பதாவது அடியிலோ எங்கேயோ பைப்பு ஜாயிண்ட் விட்டிருக்கிறது, மோட்டார் பாவம் ஒழுங்காகத் தள்ளுகிறது, தள்ளின தண்ணி பாதி வழியில் திரும்பக் கிணற்றுக்கே விழுகிறது. பெரிய மோட்டார் போட்டால் பெரிசாக விழும், அவ்வளவுதான். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, ஒருத்தனுக்கும் தெரியாது. "மோட்டார மாத்தறதுக்கு முன்னால காத வெச்சுக் கேளுங்க" என்று அவரிடம் சொன்னேன். அவரிடம் மட்டுமா, அதற்கப்புறம் எல்லா விவசாயியிடமும் சொன்னேன், சொல்லியே ரிட்டயர் ஆனேன். மழை பெய்த மாதிரி. பெரிய பம்பு என் கையில்தான் இன்னும் இருக்கிறது. ரெண்டு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பியவன், நாலு மணிக்கு இதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பம்புக்கும் டேங்க்கு மூடிக்கும் நடுவில் சாண் நீளத்தில் ஒரு ரப்பர் ஓஸ் இருக்கிறது. நான் போட்டது. அது விட்டிருந்தால் பெட்ரோல் டேங்க்குக்குள்ளேயே விழும். தகட்டில் அடித்து விழும். சும்மா நிற்கும்போது என்ஜின் குடிப்பது கொஞ்சம், ஒழுகினது போக மிச்சம் போதும், கேஜ் சரியாகக் காட்டும். முழுசாக மிதித்தால் போதாது. நல்ல ஓஸ்தான் போட்டேன். பெட்ரோல் ஓஸ், புதுசு. புதுசு போட்டால் ஏன் விடுகிறது. மறுபடி அவளுக்குப் போன் போட்டேன், ஸ்டார்ட் மட்டும் பண்ணாதே என்று சொல்ல. எடுக்கவில்லை. எழுந்து நின்றேன். கடையை விட்டுவிட்டு எப்படிப் போவது, கல்லா திறந்து கிடக்கிறது. உட்கார்ந்தேன். தொழுகை இவ்வளவு நேரமா. தமயந்தி கால் மறுபடி கிளட்ச்சைத் தேடுகிறது.

பாயும் போனும் ஒன்றாக வந்தார்கள். போனை வலது காதில் அழுத்திக்கொண்டேன். "அப்பா, எத்தன தடவ கூப்புடுவீங்க? கை பூரா பெட்ரோல், கழுவிட்டுத்தான எடுக்க முடியும்." ஸ்டார்ட் பண்ணினாயா என்றேன். "பண்ணல." எங்கே நிற்கிறது வண்டி. "வெளிய, வேப்ப மரத்தடியில. பாட்டரிய இப்பத்தான் கழட்டுனேன். பேசறதுக்குத் தள்ளி வந்து கேட் கதவுகிட்ட நிக்கறேன். போதுங்களா? கேளுங்க." சொல்லு அம்மிணி என்றேன். "என்ஜின ஓட்டல. பம்ப மட்டும் போட்டேன், திரும்பற கொழாயக் கிளாம்ப் வெச்சு நெரிச்சேன், மிதிச்சா எவ்வளவு பிரஷர் இருக்குமோ அவ்வளவு வரட்டும்னு. கேஜ் ஏறவே மாட்டேங்குது. அப்பறம் டேங்க்கு மேல ஸ்டெத்தஸ்கோப்ப வெச்சேன்." எதை? "ஸ்டெத்தஸ்கோப்பு. மாட்டுக்கு வெக்கறது. மழைங்கப்பா. நான் அன்னைக்கே சொன்னன்ல." போனை இன்னும் அழுத்திக்கொண்டேன். பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேசையைத் துடைக்கிற மாதிரி துடைத்தார். "இருக்கீங்களா?" இருக்கிறேன். "மூடியத் தொறந்து பாத்தா, பம்பு தலையில மாட்டியிருக்கற ஓஸு சாம்பார்ல ஊறுன வடையாட்டம் இருக்குது. கிளிப்புக்கிட்ட வாயப் பொளந்துருச்சு. ஓஸுல என்ன எழுதியிருக்குன்னு பாத்தேன். வெளிய போடற ஓஸுங்கப்பா அது." வெளியே போடுகிற ஓஸ். உள்பக்கம் பெட்ரோலைத் தாங்கும், வெளிப்பக்கம் காற்றுக்கும் வெயிலுக்கும் செய்தது. டேங்க்குக்குள் போட்டால் ரெண்டு பக்கமும் பெட்ரோல், வெளித்தோல் ஊறும், உப்பும், விடும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் வேறு கலக்கிறான், ரப்பரை அரிக்கும். முழுகுகிற மோட்டாருக்கு முழுகுகிற கேபிள்தான் போட வேண்டும் என்று பெஞ்சில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். ஓஸைப் பற்றி யோசிக்கவில்லை. பம்பைப் பற்றி யோசித்தேன். "அப்பறம்?" என்றேன். "ஊறுன எடத்த வெட்டிட்டேன். மேல மிச்சம் இருந்ததுல நல்ல பாகத்த இழுத்து வேற கிளிப்பு போட்டு இறுக்கி, மூடி, மறுபடி நெரிச்சுப் பாத்தேன். முள்ளு வேணுங்கற எடத்துக்குப் போய் நின்னுச்சு. அசையல. ஸ்டெத்தஸ்கோப்புல பம்பு மட்டுந்தான் கேக்குது. பழைய பம்பே போதும், உங்க கணக்கு சரிதான்." கணக்கு சரியாம். "நீங்க என்ன வாங்கியிருக்கீங்க?" ஒன்றும் வாங்கவில்லை என்றேன், கையில் பெரியதோடு. "நல்லதாப் போச்சு. உள்ள போடற ஓஸு அரை மீட்டர் வாங்கிட்டு வாங்க. நானே மாட்டிக்கறேன், உங்க வெரலு அந்த ஓட்டைக்குள்ள போகாது." வைத்துவிட்டாள். வைப்பதற்குள் போனில் ராஜாமணி பின்னால் இருந்து அவளைச் சாப்பிட வரச் சொன்னது கேட்ட மாதிரி இருந்தது. கேட்டதா, நினைத்தேனா.

பெரிய பம்பை மேசையில் வைத்தேன். விரலைப் பிரிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. "எதுங்கண்ணா முடிவு?" என்றார் பாய். எதுவும் வேண்டாம், ஓஸ் கொடு, அரை மீட்டர், பெட்ரோலுக்குள்ளேயே முழுகிக் கிடக்கிற மாதிரி ஒன்று வரும் பார். "இருக்குதுங்க. இது எவனும் கேக்க மாட்டான், சுருட்டி மேல வெச்சிருக்கேன்." ஏணி போட்டு ஏறினார். மேலே இருந்தபடியே, "அப்பறம் எதுக்குங்கண்ணா மூணு பம்ப எறக்கச் சொன்னீங்க? பாங்குக்கு முன்னாலயே ஓஸுன்னு சொல்லியிருந்தா டீ குடிச்சிருப்பேன்" என்றார். பேசாமல் வெட்டு என்றேன். "வைப்பருக்கு ஒருத்தன் வந்தான்னு எதுத்த கடையில சொன்னாங்க. நீங்க முறைச்சதுல ஓடிட்டானாம்." நான் உட்காரச் சொன்னேன். "சொல்லியிருப்பீங்க, சொல்லியிருப்பீங்க." ஓஸ் கறுப்பு, ஓரத்தில் எழுத்து, கண்ணாடி போட்டுப் படித்தேன், ஒவ்வொரு எழுத்தாக. முழுகப் போடலாம் என்றுதான் எழுதியிருக்கிறது. முனையை வளைத்துப் பார்த்தேன், நெற்றியில் வைத்துப் பார்த்தேன் ஏனென்று தெரியாமல், குளிர்ந்து இருந்தது. ஞாயிறு அவள் மிதிப்பாள். நாலாம் கியர், நேர்ச்சாலை முடிகிற இடம். மிதிக்கட்டும். நான் அந்த இடத்தில் நிற்கப் போவதில்லை, ஆரம்பத்திலேயே நிற்பேன், அங்கிருந்து வண்டி சின்னதாகத் தெரியும். பாய் பில் புத்தகத்தைப் பிரித்தார். ஓஸ், அரை மீட்டர் என்று எழுதினார். பேர் எழுதினார். அடுத்த வரியில் கை தன்னால் கு என்று ஆரம்பித்தது. அதை அடி என்றேன். பாய் நிமிர்ந்தார். "ஏனுங்கண்ணா, மெக்கானிக் பேரு எப்பவும் நீங்கதான?" இது நான் கண்டுபிடித்ததில்லை. "பின்ன யாருங்க, பெங்களூர்ல இருந்து ஆள் கூட்டியாந்தீங்களா?" வீட்டு ஆள்தான், மாட்டு டாக்டர். பாய் பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். "பாப்பாவுங்களா? டாக்டர்னு முன்னால போடட்டுங்களா?" அது ஆஸ்பத்திரியில். இங்கே பேர் மட்டும் எழுது, முழுசாக, இடம் இல்லாவிட்டால் ரெண்டு வரியாக எழுது. தமயந்தி.